கிரீஸ் டாக்டர்

ஓசூர் சிப்காட்டுக்குப் பின்புறம், கம்பெனி பஸ்கள் திரும்புகிற முனையில் வரிசையாக லைன் வீடுகள் இருக்கின்றன. அங்கே போய் ராஜசேகர் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். கிரீஸ் டாக்டர் வீடு என்று கேட்டால் வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். டாக்டர் என்றதும் ஊசி போடுகிறவர் என்று நாம் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று, "மிஷினுக்குப் போடற கிரீஸ் இருக்குதில்லீங்க, அதுல டாக்டரு. ஜெர்மனி போய்ப் படிச்சவரு" என்று வழியிலேயே விளக்கமும் கிடைக்கும். அந்த வீட்டில் இருப்பது அவனுடைய அம்மா நாராயணம்மா, தங்கை நிர்மலா, நிர்மலாவின் மகள் அனுப்ரியா. டாக்டர் இருப்பது பெங்களூரில். மாதத்துக்கு ஒரு தடவை அத்திப்பள்ளி பார்டர் தாண்டி வந்து, சாப்பிட்டுவிட்டுப் போவான்.

டாக்டர் பட்டம் வாங்கிய, நாற்பத்தைந்து வயது மனிதனை அவன் இவன் என்று எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். இது அவனுடைய அம்மா வீட்டில் நடந்த கதை. அங்கே அவன் அவன்தான்.

ராஜசேகருக்கு மிஷின் கிரீஸைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்று. சட்டையில் பட்டால் லேசில் போகாது. அவன் படித்தது கிரீஸ் என்ற தேசத்தின் பழைய இலக்கியம். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஜனங்கள் பேசிய மொழி, அந்த மொழியில் போட்ட நாடகங்கள். தேசத்தைப் புத்தகத்தில் கிரேக்கம் என்று எழுதினாலும் பேச்சில் அதற்குக் கிரீஸ் என்றுதான் பெயர், பசைக்கும் கிரீஸ் என்றுதான் பெயர். ஓசூரைத் தவிர வேறு எந்த ஊராக இருந்தாலும் இது ஒரு நாள் சிரிப்போடு போயிருக்கும். காலையில் எழுந்தால் பாதி ஊர் மிஷினுக்கு முன்னால் போய் நிற்கிற இடத்தில், கிரீஸ் என்றால் ஒரே அர்த்தம்தான்.

அவர்கள் வேப்பனப்பள்ளிப் பக்கத்துக் கிராமத்தவர்கள். அடுத்தவர் மாந்தோப்பில் கூலி வேலை. ராஜசேகர் பத்தாவது படிக்கும்போது அப்பா காய்ச்சலில் விழுந்து போய்ச் சேர்ந்தார். நாராயணம்மா இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓசூருக்கு வந்து, வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்தாள். நீலக் கோட்டு, கழுத்தில் அட்டை, கையில் துடைப்பம். மிஷின்களுக்கு அடியில் எண்ணெயும் கிரீஸும் சொட்டித் தரை வழுக்கும். அதன்மேல் மரத்தூளைக் கொட்டி ஊறவிட்டுக் கூட்டி அள்ள வேண்டும். கம்பெனியில் அவளை எல்லோரும் ஆயா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் அட்டையில் இருந்தது, யாரும் படித்ததில்லை.

நிர்மலா பத்தாவதோடு நின்று, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் லைனில் நின்றாள். அண்ணன் படிக்கட்டும் என்று அந்த வீட்டில் யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஆண்பிள்ளை இருக்கிற வீடுகளில் நடக்கிற மாதிரி அது பாட்டுக்கு நடந்தது. ராஜசேகர் கிருஷ்ணகிரியில் ஆங்கில இலக்கியம் படித்து முடித்துவிட்டு, வேலை தேடி அலைந்து, கடைசியில் பெங்களூரில் பாதிரியார்களைத் தயார் செய்கிற ஒரு கல்லூரி நூலகத்தில் சேர்ந்தான். புத்தகங்களுக்கு நம்பர் ஒட்டுகிற வேலை.

பைபிளின் புதிய ஏற்பாட்டை மூலத்தில் படிக்க வேண்டும் என்பதால் அந்தக் கல்லூரியில் கிரேக்கம் கட்டாயப் பாடம். படிக்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதை மூக்கைப் பிடித்துக்கொண்டு கஷாயம் மாதிரி விழுங்கினார்கள். நம்பர் ஒட்ட வந்தவனுக்கு அது இனித்தது. வீட்டில் அம்மா ஒரே பேச்சில் தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றையும் கலந்து அடிப்பதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இன்னொரு மொழி ஒரு மலையாகத் தெரியவில்லை. இலக்கணப் புத்தகத்தை எடுத்துத் தானே எழுத்துக் கூட்டினான். பிறகு அனுமதி கேட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தான். பாதிரியார்களுக்கு வேண்டிய கிரேக்கம் முடிந்தபோது அவனுக்குப் பசி அடங்கவில்லை. அதற்கும் பல நூறு வருஷம் முந்திய நாடகங்களுக்குப் போனான். ஒரு வரி பிடிபடாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. இந்த மனிதனைப் பற்றி இனிமேல் சொல்லப் போவதில் பெருமைப்பட அதிகம் இல்லை, அதனால் இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்த மொழிமேல் அவனுக்கு இருந்த ஆசையில் கலப்படம் கிடையாது.

கல்லூரியில் இருந்தவர்கள் சிபாரிசு செய்ய, ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் உதவித்தொகை கொடுத்து அவனைக் கூப்பிட்டது. கிளம்புவதற்கு முந்தின நாள் லைன் வீட்டு வாசலில் ஒரே கூட்டம். அக்கம்பக்கத்துப் பெண்கள், நாராயணம்மாவோடு வேலை செய்கிறவர்கள், வேப்பனப்பள்ளியிலிருந்து பஸ் பிடித்து வந்த சொந்தக்காரர்கள். அத்தனை பேர் நடுவில் நாராயணம்மா கேட்டாள். அங்கே போய் என்னத்தைப் படிக்கப் போகிறாய், எல்லோரும் கேட்கிறார்கள், நீயே சொல்லு.

"கிரீஸும்மா. கிரீஸ் நாட்டுப் பழைய..." என்று ஆரம்பித்தான்.

முதல் சொல்லே அவளுக்குப் போதுமாக இருந்தது. அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டீங்களா, கம்பெனில மிஷினுக்குப் போடறாங்களே, அந்தக் கிரீஸு. நான் கூட்டி அள்றேனே, அதுல படிப்பு படிக்க எம்பையன ஜெர்மனி கூப்புடுது" என்றாள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்திப்போனது. அவள் கம்பெனியில் இருந்த பெரிய மிஷின்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. கிரீஸ் டின்மேல் என்ன பாஷையில் எழுதியிருக்கிறது என்று கேட்டபோது, ஜெர்மன் பாஷை என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். பின்னே மிஷின் செய்கிறவன் ஊரில் கிரீஸ் படிக்காமல் வேறு எங்கே போய்ப் படிப்பது?

ராஜசேகர் வாயைத் திறந்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று பிற்காலத்தில் தனக்குத் தானே சொல்லிக்கொள்வான். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி கொஞ்சம் அசிங்கமானது. செத்துப்போன ஒரு மொழி, அதில் நாடகம், அதைப் படிக்க ஒருவனுக்குப் பணம் கொடுத்துக் கூப்பிடுகிறார்கள் என்பதை இந்தக் கூட்டத்துக்கு எங்கே உட்கார்ந்து விளக்குவது, சொன்னால்தான் இதுகளுக்குப் புரியுமா என்று அன்றைக்கு அவன் மனசில் ஓடியது. இதுகள் என்றுதான் ஓடியது, இவர்கள் என்று கூட இல்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான்.

அந்த அப்புறம் வரவே இல்லை. ஜெர்மனிக்குப் போனில் கூப்பிடும்போதெல்லாம் அவள், கிரீஸு நல்லாப் போகுதா என்று கேட்பாள். போகுதும்மா என்பான். பட்டம் வாங்கித் திரும்பி வந்தபோது நாராயணம்மா கம்பெனி முழுக்க மிட்டாய் கொடுத்தாள். மாதேஸ்வரன் என்று ஒரு சூப்பர்வைசர், கொஞ்சம் கறாரான மனிதர், மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, இனிமேல் உங்களை ஆயா என்று கூப்பிட முடியுமா, நீங்கள் டாக்டரம்மா என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாரோ நிஜமாகச் சொன்னாரோ, மறுநாளிலிருந்து அந்த ஷெட் முழுக்க அதுவே அவளுக்குப் பெயராக நின்றது. டாக்டரம்மா வருகிறார்கள், காலை எடு என்று மிஷினில் நிற்கிற பையன்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். டீ வரும்போது அவளுக்கும் ஒரு டம்ளர் வந்தது. அத்தனை வருஷம் குனிந்தே கூட்டியவள் கொஞ்சம் நிமிர்ந்து கூட்டினாள்.

இப்படிப்பட்ட பெயரை எந்த மகன் வந்து பிடுங்குவான்? இதைத்தான் ராஜசேகர் தனக்குச் சாக்காக வைத்துக்கொண்டான். ஊருக்கு வரும்போது பயந்து பயந்து வந்தான். ஒரு தடவை பக்கத்து வீட்டு ஃபிட்டர் ஒருவர் கையில் கிரீஸ் டின்னோடு வந்து உட்கார்ந்துவிட்டார். பேரிங் சூடாகிறது, இந்தக் கிரீஸ் தாங்குமா என்று கேட்டார். ராஜசேகர் டின்னை வாங்கி, மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்து, நெற்றியைச் சுருக்கி, பரவாயில்லை, ஆனால் வெயிலில் வைக்காதீர்கள் என்றான். ஃபிட்டர் திருப்தியாகப் போய்விட்டார். நாராயணம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்று பூரித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜசேகர் பின்பக்கம் போய்க் கையைக் கழுவினான், தொட்டதே மூடியைத்தான் என்றாலும் வெகு நேரம் கழுவினான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு.

கல்யாணமும் இதில்தான் போனது. வந்த வரன்கள் எல்லாம் கம்பெனி வைத்திருப்பவர்கள், லேத் பட்டறை வைத்திருப்பவர்கள் வீடாக வந்தன. பெண் பார்க்கப் போனால் பெண்ணின் அப்பா முதலில் கிரீஸைப் பற்றித்தான் பேச்செடுப்பார். ஒவ்வொன்றையும் ஏதாவது நொட்டை சொல்லித் தட்டிக்கழித்தான். படிப்பு ஏறி ஏறித் தலைக்கனம் பிடித்துவிட்டது என்று சொந்தத்தில் சொன்னார்கள். கேட்டுக்கொண்டான்.

இந்தக் கதை இதோடு நின்றிருந்தால் அப்பாவி ஒருவன் மாட்டிக்கொண்டான் என்று பரிதாபப்பட்டுவிட்டுப் போகலாம். இன்னொரு பக்கம் இருக்கிறது. திரும்பி வந்ததும் அதே பெங்களூர்க் கல்லூரி அவனைக் கிரேக்கம் கற்பிக்க எடுத்துக்கொண்டது. இந்த நாட்டில் பழைய கிரேக்கத்துக்கு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு, அவனுக்குக் கிடைத்தது. நம்பர் ஒட்டிய புத்தகங்களையே எடுத்து வைத்துப் பாடம் நடத்தினான். நன்றாகவே நடத்தினான், வீட்டில் மட்டும் காலேஜில் வாத்தியார் வேலை என்பதோடு நிறுத்திக்கொண்டான். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் கட்டுரை எழுதினான். அங்கே கூட வேலை செய்கிறவர்கள் அப்பா பேராசிரியர், அம்மா டாக்டர் என்று சொல்கிற குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். உங்கள் அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டபோது, ஓசூரில் ஒரு ஆட்டோமொபைல் கம்பெனியில், ஃபெசிலிட்டி மேனேஜ்மென்ட் பக்கம் என்றான். அதிலும் பொய்யில்லை. அவள் சம்பளம் வாங்குகிற கான்ட்ராக்ட் ஏஜென்சியின் பெயரில் அந்த இரண்டு சொற்களும் இருந்தன.

ஒரு வருஷம் கல்லூரி விழாவில் அவனுக்கு ஒரு விருது கொடுத்தார்கள். எல்லோரும் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டி வரலாம் என்றார்கள். ஊருக்கு வந்திருந்தபோது அவன் போனில் விருதைப் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டு நிர்மலா அம்மாவிடம் சொல்லிவிட்டாள். நாராயணம்மா புதுச் சேலை எடுத்து, ஷிப்டும் மாற்றி வைத்துவிட்டு, அவனுக்குப் போன் செய்து சேலையின் நிறம் வரைக்கும் சொன்னாள். அவன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, கேட்டில் விடமாட்டார்கள் அம்மா, வெளியாட்களுக்குப் பாஸ் கிடையாது என்றான். வேறு எந்த அம்மாவாக இருந்தாலும், காலேஜுக்கு என்னடா பாஸ் என்று கேட்டிருப்பாள். நாராயணம்மா அத்தனை வருஷம் கேட் பாஸோடு வாழ்ந்தவள். அட்டையை மறந்துவிட்டுப் போனால் செக்யூரிட்டி அவளையே உள்ளே விடமாட்டான். ஆமாம்ப்பா, ரூல்ஸ்னா ரூல்ஸ்தான் என்று போனை வைத்தாள். அன்றைக்கு மேடையில் சால்வை போட்டபோது ராஜசேகருக்கு அந்தப் புதுச் சேலை ஞாபகத்துக்கு வந்தது. வந்ததே தவிர, அதற்காக எதையும் செய்யவில்லை.

இப்படி இரண்டு பக்கமும் பாதிப் பாதி உண்மையைச் சொல்லி அவன் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தபோது, அனுப்ரியா வளர்ந்துவிட்டாள். மாமாவைப் போல வர வேண்டும் என்று பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ சேர்ந்தாள். வகுப்பில் நாலே பெண்கள். மாமா, கிரீஸில் ப்ராஜக்ட் செய்யட்டுமா என்று கேட்டபோது, உன் வாத்தியாரைக் கேட்டுச் செய், நான் சொன்னால் நீயாகச் செய்த மாதிரி இருக்காது என்று மழுப்பினான். அது அவளுக்கு எவ்வளவு உயர்வாகத் தெரிந்தது என்றால், மாமா சிபாரிசு கூடச் செய்யமாட்டார், அவ்வளவு நேர்மை என்று கூடப் படித்தவர்களிடம் பெருமையடித்துக்கொண்டாள். சொந்த மாமன் பெயரை யாராவது போனில் தேடிப் பார்ப்பார்களா? அவளும் பார்க்கவில்லை.

போன மார்கழியில் நாராயணம்மாவின் கம்பெனியிலேயே டிப்ளமோ முடித்தவர்களை ட்ரெய்னியாக எடுத்தார்கள். பாட்டி கூட்டுகிற ஷெட்டில் பேத்தி மிஷின் பார்க்கப் போகிறாள் என்றால் சும்மாவா? அனுப்ரியா காலையிலேயே குளித்து, ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பாட்டி போகிற கம்பெனி பஸ்ஸிலேயே ஏறிப் போனாள். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் மேனேஜர்கள், மூன்றாவது ஆள் மாதேஸ்வரன். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். கடைசியில் ஒரு மேனேஜர், பெண்பிள்ளை நீ எதற்காக இந்தப் பக்கம் வந்தாய் என்று கேட்டார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, என் மாமா டாக்டர் ராஜசேகர் ஜெர்மனியில் கிரீஸில் பி.எச்.டி. செய்தவர், அவரைப் பார்த்துத்தான் வந்தேன் என்றாள். மாதேஸ்வரனும், ஆமாம் சார், நம் டாக்டரம்மா பையன் என்று தலையாட்டினார்.

அந்த மேனேஜருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கிரீஸ் விஷயத்தில் ஆலோசனை கேட்க ஒரு ஆள் பக்கத்திலேயே இருக்கிறாரே என்றுதான் போனை எடுத்துப் பெயரைத் தட்டினார். கல்லூரியின் பக்கம் வந்தது. அதில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார். ஆய்வின் தலைப்பு, பழைய கிரேக்க நாடகங்களில் வெட்கம். அனுப்ரியா, அது வேறு யாரோ ராஜசேகர் சார் என்றாள். அவர் போனைத் திருப்பிக் காட்டினார். போட்டோவில் மாமா சிரித்துக்கொண்டிருந்தான்.

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். யாராக இருந்தாலும் சிரிப்பு வரத்தான் செய்யும். அனுப்ரியா எழுந்து வெளியே வந்தவள், ஃபைலைக் கூட எடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் கதை ஷெட் முழுக்கப் பரவிவிட்டது. நாராயணம்மா மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது மிஷினில் நின்ற ஒருவன் சத்தம் போட்டுக் கேட்டான்.

"என்னா டாக்டரம்மா, உங்க பையன் கிரீஸு டாக்டரு இல்லியாமே. வெக்கத்துல டாக்டராமே?"

அவள் தெரியாமல் சிரித்தாள். ஏதோ கிண்டல் என்று நினைத்து அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். பிறகுதான் மாதேஸ்வரன் வந்து, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். மீதி ஷிப்டையும் அவள் கூட்டித்தான் முடித்தாள். பஸ்ஸில் யாரும் அவள் பக்கத்தில் வந்து பேசவில்லை. பேசாமல் இருந்ததே மரியாதைக்காகத்தான், ஆனால் அது அவளுக்குச் சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

நிர்மலா போனில் மூன்றே வார்த்தை பேசினாள். அண்ணா, கிளம்பி வா. ராஜசேகர் சனிக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தான். பஸ் பார்டர் தாண்டுகிற வரைக்கும் இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. வாசலில் ஃபிட்டர் உட்கார்ந்திருந்தார். எப்போதும் எழுந்து நிற்கிறவர் இன்றைக்குப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே நாராயணம்மா தரையில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தாள். மகன் வருகிறான் என்றால் அந்தப் பருவத்தில் பிதுக்கவரைக் குழம்புதான் வைப்பாள், அன்றைக்கும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அது அவனை இன்னும் குறுக வைத்தது. அனுப்ரியா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். மாமா என்று கூப்பிடவில்லை. நிர்மலா சமையல் மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு, அவர்கள் மறுபடி கூப்பிட்டாலும் இவள் அங்கே போகமாட்டாளாம், ஃபைலை நான்தான் போய் வாங்கி வந்தேன் என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. லைனில் நின்று நின்று அவளுக்கு இந்த மாதிரி நேரத்தில் கத்தத் தெரியாமல் போயிருந்தது.

ராஜசேகர் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தான். வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பை ஆரம்பிப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அவங்க சொல்றது நெசமா?" என்று நாராயணம்மா கேட்டாள்.

"நெசம்தாம்மா."

"அப்போ கிரீஸுன்னு சொன்னியே?"

"அது ஒரு ஊரும்மா. தேசம். அந்த ஊருக்குப் பேரே அதான்."

அவள் ஒரு கொட்டையைப் பிதுக்கிப் பாத்திரத்தில் போட்டாள். "ஊரா" என்றாள். அடுத்த கொட்டையை எடுத்துக்கொண்டே, "ஊருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானும் ஊருன்னே சொல்லியிருப்பனே சேகரு" என்றாள்.

உண்மையில் அவ்வளவுதான் வேலை இருந்தது, ஒரு வார்த்தை. திங்கட்கிழமை காலை ஏ ஷிப்டுக்குப் போக வேண்டாம் அம்மா, வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்துவிடு என்று சொல்லிப் பார்த்தான். நாராயணம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் போவேன், நான் என்ன தப்பு செய்தேன் என்றாள். போனால் கேட்பார்கள், கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டும், இந்தத் தடவை முழுசாகச் சொல்லு, அந்த ஊரில் நீ என்னத்தைப் படித்தாய் என்று கேட்டாள்.

இத்தனை வருஷமாக வகுப்பெடுத்தவன். எத்தனையோ அரங்கங்களில் பேசியவன். இப்போது வாயைத் திறந்தால் இங்கிலீஷாக வந்தது. தன்னுடைய படிப்பைப் பற்றி இந்த வீட்டுத் தமிழில் அவன் ஒரு நாளும் ஒரு வாக்கியம் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இரண்டு தடவை ஆரம்பித்து நிறுத்தினான். அம்மா பொறுமையாக, தோலை ஒரு பக்கமும் பருப்பை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

"அந்தக் காலத்து ஜனங்க நாடகம் போட்டாங்கம்மா. அதுல வெக்கம், வெக்கம்னு வந்துகினே இருக்கும். அதப் பத்தித்தான்."

"வெக்கத்துல அத்தன வருசம் படிக்க என்னா இருக்குது?"

"அந்த பாஷைல அதுக்கு ரெண்டு வார்த்தம்மா. தப்பு பண்றதுக்கு முன்னாடியே வந்து, வேணாம்னு கையப் புடிச்சு நிறுத்தறது ஒண்ணு. பண்ணி முடிச்சப்புறம், நாலு பேரு மூஞ்சியப் பாக்க முடியாம வருது பாரு, அது ஒண்ணு."

நாராயணம்மா தலையை ஆட்டினாள். அவளுக்கு அதில் ஒரு சிக்கலும் இருந்ததாகத் தெரியவில்லை. சுவர்ப் பக்கம் படுத்திருந்த அனுப்ரியா திரும்பிப் பார்த்தாள். சொன்னால்தான் இதுகளுக்குப் புரியுமா என்று அவன் ஒரு நாள் நினைத்தது, நாலு வாக்கியத்தில் புரிந்துபோனது.

"உனக்கு எது வந்துச்சு?" என்றாள் அம்மா.

கருத்தரங்குகளில் எத்தனையோ பெரிய மனிதர்கள் அவனைக் கேள்வி கேட்டுத் துளைத்திருக்கிறார்கள். இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை. தப்புக்கு முன்னால் வந்து தடுக்கிற அந்த முதல் சொல்லை அந்தப் பழைய ஜனங்கள் பெற்றவர்கள் முன்னால் காட்ட வேண்டிய அடக்கத்துக்கும் சேர்த்தே வைத்திருந்தார்கள் என்று அவனே அடிக்குறிப்புப் போட்டு எழுதியிருக்கிறான். இப்போது எப்படியாவது இதையும் பாதியில் நிறுத்திவிடலாம் என்று அவனுக்குப் பழைய புத்தி ஒரு நொடி எட்டிப் பார்த்தது. கிரீஸ் விஷயத்தோடு முடித்துக்கொண்டு, அழுது, காலில் விழுந்து, குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போய்விடலாம். காலேஜ் கேட்டைப் பற்றி இங்கே யாருக்கும் தெரியாது.

"மொதல்ல வர வேண்டியது எனக்கு வரலம்மா" என்றான். "கிரீஸு மட்டும் இல்ல. காலேஜுல விழாவுக்கு உன்ன கேட்ல விட மாட்டாங்கன்னு சொன்னேனே, அது பொய்யி. யார வேணாலும் விடுவாங்க. நீ கூட்டற வேல செய்யறேன்னு அங்க நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. உன்ன அங்க கூட்டிப் போக எனக்கு வெக்கமா இருந்துச்சு."

நிர்மலா அடுப்பை அணைத்தாள். நாராயணம்மாவின் விரல்கள் நின்றுவிட்டன. நகக்கண்ணில் பச்சைத் தோல் ஒட்டியிருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை, கையில் இருந்த கொட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழாவுக்கென்று எடுத்த அந்தப் புதுச் சேலையை அவள் அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்குக் கட்டினாள் என்று யோசித்துப் பார்த்தான். கட்டிப் பார்த்த ஞாபகம் இல்லை.

"பெத்தவளப் பாத்து வெக்கப்படறதுக்கு," என்று அவள் நிதானமாகக் கேட்டாள், "அந்த பாஷைல என்னா வார்த்த?"

அவன் தேடினான். விளையாட்டுக்குத் தேடவில்லை, அவனுக்கு வேறு எதுவும் தெரியாது என்பதால் நிஜமாகவே தேடினான். படித்த நாடகங்களில், அகராதிகளில், தன் கையாலேயே எழுதிய பக்கங்களில் எல்லாம் தேடினான்.

"அதுக்கு வார்த்த இல்லம்மா" என்றான்.

"அப்போ நல்ல பாஷதான்" என்றாள் நாராயணம்மா.